பாதிப் பெட்டிக்கு முழு விலை: சிடி டிரான்ஸ்போர்ட் தேர்ந்த அனுபவம்

சிடி டிரான்ஸ்போர்ட் என்பது பாதி சிடி பிளேயர். தகட்டைச் சுழற்றி, லேசரால் படித்து, கிடைத்த எண்களை ஒரு கம்பி வழியாக வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. அந்த எண்களை ஒலியாக மாற்றுவது டாக் என்கிற வேறொரு பெட்டியின் பொறுப்பு. பாதி வேலை செய்யும் பெட்டிக்கு முழு பிளேயரின் விலையைக் கேட்கிறார்களே என்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. அந்த உறுத்தல் இல்லாமல் இருந்திருந்தால், வெளிநாட்டிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டிருப்பேன். எழுதவும் ஒன்றும் இருந்திருக்காது.

வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மாடி அறையில் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஒலிபெருக்கி, அண்மையில் வாங்கிய டாக் ஆகியவை இருக்கின்றன. அவற்றோடு தொண்ணூறுகளில் வந்த ஜப்பானியத் தயாரிப்பான பழைய சிடி பிளேயர் ஒன்று. இந்தப் பிளேயர்தான் படுத்தத் தொடங்கியது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு சுத்தமாக ஓடும். தகட்டின் கடைசிப் பகுதிக்குப் போகப் போகத் திக்கும். பிறகு ஒரே இடத்தில் நின்று விக்கும். ராகம் தானம் பல்லவியில் பல்லவிக்கு வரும்போது இப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கச்சேரி கேட்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"எல்லாத் தகட்டையும் கணினியில் ஏற்றிவிடலாமே மாமா" என்றான் அக்காள் மகன். பொறியியல் படிக்கிறான், அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஏற்றியும் வைத்திருக்கிறேன், அந்தக் கோப்புகள் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவின. ஆனால் அலமாரியிலிருந்து ஒரு தகட்டை எடுத்து, உறையில் பக்கவாத்தியம் யார் என்று படித்துவிட்டு, அதையே முழுதாக ஒரு மணி நேரம் கேட்பது வேறு பழக்கம். திரையைத் தடவிப் பாட்டுக்குப் பாட்டு தாவுகிறவனோடு அதைப் பற்றி வாதாட முடியாது.

கடைப் பட்டியலில் கண்ணில் பட்டவை மூன்று. கேம்பிரிட்ஜ் ஆடியோவின் சிஎக்ஸ்சி, டிரே வெளியே வந்து போகும் வகை; ஒற்றை வேகத்தில் மட்டும் படிக்கும் எந்திரம். ஆடியோலேபின் 6000சிடிடி, முகப்பில் இருக்கும் பிளவில் தகட்டைச் செருகுவது. முன்கூட்டியே படித்து நினைவகத்தில் தேக்கி வைத்துக்கொண்டு அனுப்பும். புரோ-ஜெக்ட் சிடி பாக்ஸ் ஆர்எஸ்2 டி, மேலே திறந்து தகட்டை வைத்து, காந்த வில்லை ஒன்றால் அழுத்தி மூடுவது. அதில் ஆஸ்திரியாவின் ஸ்ட்ரீம் அன்லிமிட்டெட் நிறுவனத்தின் சிடி-புரோ 8 எந்திரம் இருக்கிறது. மூன்றும் மதிப்புள்ள பொருள்கள்தாம். ஆனால் எங்கள் ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும். சத்துவாச்சாரி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். மேலே திறக்கும் பெட்டியில் லென்ஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிளவு வகையில் வாய் ஓரத்துத் துணிப்பட்டை தூசியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தகடு போகும்போதும் வரும்போதும் தடவிக் கொடுக்கும். ஆகவே இங்கே டிரே வகைதான் சரி. ஒலிக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை, துடைப்பத்துக்கும் இதற்கும்தான் சம்பந்தம்.

ராணிப்பேட்டையில் இருக்கும் நண்பர் பிளவு வகை டிரான்ஸ்போர்ட் ஒன்றை வைத்திருக்கிறார். அதைச் சில நாள் இரவல் கேட்டேன். முகம் சற்றுச் சுருங்கினாலும் கொடுத்தார். அதையும், வீட்டில் பழைய சாமான்களோடு கிடந்த டிவிடி பிளேயரையும், கணினியையும், என் பழைய பெட்டியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் என் பெட்டி ஒழுங்காக ஓட வேண்டும்.

தகட்டின் அளவுகளைத் தெரிந்துகொண்டால் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்து, 1982இல் சந்தைக்கு வந்த முறை இது. தகட்டின் குறுக்களவு 120 மில்லிமீட்டர். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே 1.6 மைக்ரோமீட்டர். இசைத்தட்டுக்கு நேர்மாறாக, உள்ளே தொடங்கி வெளியே போகும். தடம் லென்ஸைக் கடக்கும் வேகம் வினாடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் என்று மாறாமல் இருக்க வேண்டும். அதனால் உள்பக்கத்தில் தகடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றும், வெளிப்பக்கத்தில் 200 சுற்றும் சுழலும். தொடக்கத்திலேயே தகட்டைப் படிக்காமல் போனால் லேசரையோ சுழற்றும் மோட்டாரையோ சந்தேகிக்கலாம். பொருளடக்கம் இருப்பது உள்பக்கத்தில், மோட்டார் அதிகம் உழைக்க வேண்டியதும் அங்கேதான். தொடக்கம் ஓடிக் கடைசி திக்கினால், லென்ஸைத் தாங்கி வெளிப்பக்கம் நகரும் சறுக்குப் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில், டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெட்டியை அவரிடம் எடுத்துப் போனேன். மூடியைக் கழற்றினார், ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார், "லென்ஸ் போய்விட்டது தம்பி" என்றார். எந்தச் சிடி பிளேயரைக் கொண்டு போனாலும் இங்கே சொல்லப்படுகிற தீர்ப்பு இதுதான்; பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். திருப்புளியை எடுத்துக்கொண்டு, "அதுவரை கொஞ்சம் ஏற்றி வைக்கிறேன், ஓடும்" என்றார். லேசர்ப் பகுதியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு மின்தடை இருக்கிறது, லேசரின் ஒளித் திறனை முடிவு செய்வது அது. அதைத் திருப்பினால் மங்கிப்போன லேசர் சில மாதம் பளிச்சென்று வேலை செய்யும், பிறகு மொத்தமாகப் போய்விடும். "அண்ணே, அதை மட்டும் தொட வேண்டாம்" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "உன் பெட்டி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டிரேக்கு ஒரு புது ரப்பர் பெல்ட் கொடுத்தார். டேப் ரெக்கார்டர் பெல்ட்கள் ஒரு டப்பா நிறைய இன்னும் வைத்திருக்கிறார். அதில் தேடினால் சிடி டிரேக்குப் பொருந்துவதும் ஒன்று கிடைக்கும்.

மீதியை வீட்டிலேயே செய்தேன். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு டிரேயை வெளியே இழுத்து, தகட்டை மேலிருந்து அழுத்தும் பாலத்தைக் கழற்றினால் எந்திரம் கண்ணுக்குத் தெரியும். லேசர்ப் பகுதி ஓர் எஃகுக் கம்பியின்மேல் சறுக்குகிறது. பக்கத்தில் மூன்று வெள்ளைப் பல்சக்கரங்கள். ஆலையில் தடவிய கிரீஸ் வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருந்திருக்க வேண்டும். இங்கே அது தேன் நிறத்துக்கு மாறி, பல்லுக்குப் பல் மெழுகாகக் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்தது. பல்சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினால் முதல் பாதி தடையில்லாமல் நகர்ந்தது, அதற்கப்பால் ஒரு புள்ளியில் நின்று, அழுத்தினால் குதித்துத் தாண்டியது. பாட்டு விக்கிய இடம் அதுதான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், பல கோடை கண்ட கிரீஸ் வேறு எப்படி இருக்கும்?

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் கம்பியையும் பற்களையும் துடைத்தேன். பல்லிடுக்கில் இருப்பதைப் பல் குத்தும் குச்சியால் எடுக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத செயற்கை கிரீஸ் கடுகளவு போதும். வண்டிக்குப் போடும் கிரீஸை இதில் தடவக் கூடாது, தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் வழிந்து லென்ஸுக்குப் போனால் வேறு வேலை வந்து சேரும். லென்ஸை வேறொரு குச்சியால், அழுத்தாமல், ஒரே ஒரு சுற்றுத் துடைத்தேன். அது மயிரிழைக் கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் சாய்ந்துவிடும்.

விக்கல் போய்விட்டது. திக்கல் இன்னும் மிச்சம் இருந்தது. அக்காள் மகன், மின் சமிக்ஞையை அலையாகத் திரையில் காட்டும் தன்னுடைய சின்ன ஆஸிலோஸ்கோப்பைக் கொண்டு வந்தான். சர்வீஸ் கையேட்டில் ஆர்எஃப் என்று குறித்திருக்கும் சோதனைப் புள்ளியில் முனையை வைத்தோம். தகட்டிலிருந்து வரும் சமிக்ஞை அங்கே வரிசை வரிசையாக வைர வடிவங்களாகத் தெரிய வேண்டும். வைரத்தின் நடுப்பகுதி எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவு சுத்தமாகப் படிக்கிறது என்று பொருள். உயரம் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதிதான், வைரங்களின் நடுவிலும் புகை. ஆக மெக்கானிக் அண்ணன் சொன்னதும் சரிதான், லேசருக்கும் வயதாகிவிட்டது. மறுநாள் போய் அவரிடமே சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை, டீ வாங்கித் தரச் சொன்னார்.

அந்த இடத்தில்தான் பழைய பெட்டியின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. உள்ளே இருப்பது சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை லேசர். மலிவான ரேடியோ-சிடி பெட்டிகள் முதல் விலை உயர்ந்த பிளேயர்கள் வரை எண்ணற்றவற்றில் உட்கார்ந்திருக்கும் சாதாரணப் பொருள் அது, அதே அச்சில் செய்த புதிய பகுதி இன்றைக்கும் விற்கிறது. ஒலி விரும்பிகள் கொண்டாடும் பிலிப்ஸ் சிடிஎம்-4 எந்திரத்தில் சறுக்குக் கம்பியே கிடையாது; லென்ஸ் ஒரு கையின் நுனியில் உட்கார்ந்து வட்டத்தின் வில்லாக வீசி நகரும். காய்ந்துபோகப் பல்சக்கரமும் இல்லை. அழகான வேலை. ஆனால் அது போனால், இன்னொரு செத்த பிளேயரிலிருந்து பிடுங்கித்தான் வைக்க வேண்டும். பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கப் போவதில்லை என்றால், கிடைக்கிற பொருளை வைத்து ஓடுகிற பெட்டியே மேல்.

காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. ஒரே எண் போட்ட லேசரைக் கடைக்கு ஒரு விலை சொன்னார்கள். எண்ணின் கடைசி எழுத்து பியா சியா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நாடாவில் இணைப்புகளின் எண்ணிக்கை மாறும், ஒன்று மற்றொன்றின் பலகையில் உட்காராது. இரண்டு கடைகளில் ஒவ்வொன்று வாங்கினேன். ஒன்றில் சமிக்ஞை பழைய லேசரைவிடக் கொஞ்சம்தான் மேல், இன்னொன்றில் 1.2 வோல்ட், நடுவில் தெள்ளத் தெளிவான வைரங்கள். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே வாங்குகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, அளந்து பார்த்து வைப்பது நல்லது.

மாற்றும்போது ஒரு சங்கதி. புதிய லேசரின் நாடாப் பலகையில் இரண்டு புள்ளிகளை ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்து அனுப்புவார்கள். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் லேசரைக் கொன்றுவிடாமல் இருக்க அந்தக் காப்பு. நாடாவை முதலில் பலகையில் செருகிவிட்டு, அதன் பிறகே அந்த ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் லேசர் எரியாது. புது லேசரும் மோசம் என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. லேசர் எரிகிறதா என்று குனிந்து பார்ப்பதும் வேண்டாம். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரிவது அரிதிலும் அரிது. தெரியவில்லை என்பதால் கண்ணுக்குள் போகவில்லை என்று ஆகாது.

பெட்டி ஓடத் தொடங்கியது. ஆனால் அது இன்னும் டிரான்ஸ்போர்ட் ஆகவில்லை, பின்பக்கத்தில் டிஜிட்டல் வெளியீடே கிடையாது. அந்தக் காலத்துப் பிளேயர்கள் பலவற்றில் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் சில்லு அந்த வெளியீட்டை ஒரு காலில் தயாராக வைத்திருக்கும். செலவை மிச்சப்படுத்த வெளியே கொண்டு வராமல் விட்டிருப்பார்கள். என் பெட்டியில் இருப்பது சோனியின் சிஎக்ஸ்டி வரிசைச் சில்லு, கையேட்டில் டிஅவுட் என்று ஒரு கால் இருந்தது. அங்கே கிடைப்பது 5 வோல்ட் துடிப்பு. கம்பிக்குப் போக வேண்டியது 75 ஓம் சுமையில் அரை வோல்ட். 374 ஓமும் 91 ஓமும் கொண்டு பிரித்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும்: அரை வோல்ட்டுக்கு ஒரு நூலிழை குறைவு, வெளியீட்டு மின்தடை 73 ஓம். வேலூரில் 374 ஓம் கேட்டால் சிரிப்பார்கள். 330உம் 47உம் தொடராக வைத்தால் 377. 100 ஓமுக்கு இணையாக 1 கிலோ ஓம் வைத்தால் 90.9. எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும் மதிப்புகள்.

அதற்குப் பிறகு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, ஒரு துடிப்பு டிரான்ஸ்ஃபார்மர். செத்துப்போன கணினி நெட்வொர்க் அட்டையில் கறுப்புக் கட்டியாக இருப்பதுதான் அது. பெறும் பக்கத்துச் சுருள் 1:1 விகிதம், இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். அது இருந்தால் பிளேயரின் தரைக்கம்பியும் டாக்கின் தரைக்கம்பியும் ஒன்றை ஒன்று தொடாது. இதன் அருமை பின்னால் தெரிந்தது.

இணைப்புக் கம்பிக்கு நான் ஒரு காசும் செலவழிக்கவில்லை. டிஜிட்டல் கம்பி என்று பெட்டி போட்டு ஆயிரக்கணக்கில் விற்பதன் முதல் தகுதி 75 ஓம் மின்மறுப்பு. எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி இழுக்கும் தம்பியின் தோளில் சுருளாகத் தொங்குவதும் அதே 75 ஓம்தான். ஒரு மீட்டர் கேட்டேன், இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுத்தான். ஆர்ஜி-6 என்கிற அந்த வகை விறைப்பானது, நடுக்கம்பி எஃகின்மேல் செம்பு பூசியது, ஆர்சிஏ முனையில் பற்றவைக்கச் சற்று முரண்டு பிடிக்கும்; ஆர்ஜி-59 கிடைத்தால் கைக்கு அடங்கும்.

இப்போது ஒப்பீடு. டிஜிட்டல் உள்ளீடு உள்ள ஒரு ஒலிப்பதிவுப் பெட்டியைக் கணினியோடு சேர்த்து, ஒவ்வொரு கருவியிலிருந்தும் வரும் எண்களை அப்படியே பதிவு செய்தோம். அதே பாட்டைக் கணினியில் கவனமாகப் பிரித்தெடுத்த கோப்போடு நேர்க்கோட்டில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தோம். வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது, வலது என இரண்டு தடங்கள். கழித்தால் மிஞ்சியது சுழியம். என் பழைய பெட்டிக்கும் சுழியம், நண்பருடைய விலையுயர்ந்த பெட்டிக்கும் சுழியம். டிவிடி பிளேயர் மட்டும் முரண்டியது. பதிவில் 48,000 என்று காட்டியது, கழித்தால் இரைச்சல் மிஞ்சியது. அதன் மெனுவில் ஒலி மேம்பாடு என்று ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் அதுவும் சுழியத்துக்கு வந்தது. டிவிடி பிளேயரை டிரான்ஸ்போர்ட்டாக வைத்துவிட்டு ஒலி தட்டையாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் முதலில் அந்த மெனுவைத் திறந்து பார்க்கலாம்.

எண்கள் ஒன்றாக இருந்தாலும் அவை வந்து சேரும் நேரத்தில் ஆட்டம் இருக்குமே என்பார்கள். இருக்கும். ஆனால் தகடு சுழல்வதில் உள்ள ஆட்டம் நேராகக் காதுக்கு வருவதில்லை. படித்த எண்கள் முதலில் ஒரு சின்ன நினைவகத்தில் விழுகின்றன. அங்கிருந்து அவற்றை வெளியே எடுத்துவிடுவது பலகையில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம். என் பெட்டியின் படிகத்தில் 16.9344 என்று பொறித்திருக்கிறது. 44,100ஐ 384ஆல் பெருக்கினால் வரும் மெகாஹெர்ட்ஸ் கணக்கு அது. மோட்டார்தான் படிகத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட வேண்டும். கனமான சுழல்தட்டு, பொன்முலாம் அழுத்தி என்று விளம்பரத்தில் படித்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எந்திரம் சத்தமில்லாமல் ஓட அவை உதவும், தாளத்தைத் திருத்தா.

படிகத்திலிருந்து டாக் வரை உள்ள வழியில் ஆட்டம் சேரலாம், ஏனென்றால் இந்த இணைப்பில் தாளம் கொடுக்கும் கடிகாரத் துடிப்பும் எண்களும் ஒரே கம்பியில் பின்னிப் பிணைந்து வருகின்றன. அதைப் பார்க்க ஒலிப் பொறியாளர் ஜூலியன் டன் வகுத்த ஜே-டெஸ்ட் சமிக்ஞையைத் தகட்டில் எழுதிக்கொண்டோம். 11.025 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்று, கூடவே மிக மெல்லிய 229.7 ஹெர்ட்ஸ் சதுர அலை; ஆட்டம் இருந்தால் பெரிய கோட்டின் இரு பக்கமும் சின்னக் கோடுகள் முளைக்கும். என் டாக் வந்த சமிக்ஞையைத் தன் சொந்தக் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ளும் வகை. எதை இணைத்தாலும் படம் ஒன்றுபோலவே இருந்தது. நண்பரிடமிருந்த தொண்ணூறுகளின் டாக்கில் போட்டபோது, டிவிடி பிளேயருக்கு மட்டும் பக்கக் கோடுகள் சற்று உயர்ந்தன. காதில் கேட்டதா என்றால், இல்லை. இருந்தாலும் பழைய டாக் வைத்திருப்பவர் நல்ல டிரான்ஸ்போர்ட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். புதிய டாக் வைத்துக்கொண்டு அதற்காகச் செலவழிப்பதில் அந்த நியாயம் இல்லை.

காதால் கேட்டும் பார்த்தோம். நண்பர், மெக்கானிக் அண்ணன், நான் மூவரும் உட்கார, அக்காள் மகன் டாக்கின் உள்ளீட்டை மாற்றினான். தன்னுடைய பெட்டியில் மிருதங்கத்துக்கு ஆழம் அதிகம் என்று நண்பர் உறுதியாகச் சொன்னார். கருவிகளின்மேல் துண்டைப் போட்டு மூடியதும் அந்த உறுதி தளர்ந்தது. மெக்கானிக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எல்லாம் ஒரே பாட்டுதானே" என்றார்.

ஒலியில் உண்மையான வித்தியாசம் ஒன்று இருந்தது, அது வந்த வழி வேறு. டிவிடி பிளேயரை அந்தக் கேபிள் டிவி வகைக் கோஆக்சியல் கம்பியில் இணைத்தால், பாட்டு இல்லாதபோது ஒலிபெருக்கியில் மெல்லிய ரீங்காரம். அதன் மின்கம்பி இரண்டு முள் கொண்டது. உள்ளே இருக்கும் ஸ்விட்ச்-மோட் மின்வழங்கி உடற்பகுதிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும், வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று தெரியும். அந்தக் கசிவு கோஆக்சியல் கம்பியின் உறை வழியாக டாக், ஆம்ப்ளிஃபயர் என்று நடந்து எர்த்தைத் தேடிப் போகிறது. கோடையில் எர்த்தே நோஞ்சான். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய், மண் காய்ந்தால் பிடிப்பை இழக்கும். தோட்டக் குழாயால் அங்கே ஒரு குடம் தண்ணீர் விட்டதும் ரீங்காரம் குறைந்தது. ஆப்டிகல் கம்பிக்கு மாற்றியதும் அடியோடு நின்றது, ஒளியில் மின்சாரம் கசியாது. என் பழைய பெட்டியில் இரும்புக் கருவுள்ள டிரான்ஸ்ஃபார்மர், வெளியீட்டில் நெட்வொர்க் அட்டையின் சுருள். ரீங்காரம் முதலிலிருந்தே இல்லை. டிரான்ஸ்போர்ட் மாற்றியதும் பின்னணி கறுப்பாகிவிட்டது, வெறுமை அதிகரித்தது என்று எழுதுகிறார்களே, அவர்களில் சிலருக்காவது மாறியது எர்த்தாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

மிச்சம் இருந்தது அழுக்குத் தகடு. டிரான்ஸ்போர்ட்டின் தரத்தை உண்மையில் பிரித்துக் காட்டுவது இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். தகட்டின் பிழைத்திருத்த முறை ஏறக்குறைய 4,000 பிட்டுகள் வரை, அதாவது தடத்தின் நீளத்தில் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்துபோனாலும் முழுதாக மீட்டுவிடும். பத்திரிகையோடு இலவசமாக வந்து வீணாகக் கிடந்த ஒரு தகட்டின் அடிப்பக்கத்தில், மையத்திலிருந்து விளிம்புவரை கறுப்பு மார்க்கரால் கோடு போட்டோம். முதலில் 1 மில்லிமீட்டர் அகலம், பிறகு 2, பிறகு 3. ஒவ்வொரு அகலத்துக்கும் பதிவு செய்து, கழித்துப் பார்த்தோம். 2 மில்லிமீட்டர் வரை எல்லாக் கருவியும் சுழியம் கொடுத்தன. 3இல் எதுவும் சுழியம் தரவில்லை. முறையின் எல்லையே தாண்டிவிட்டதால் தரவும் முடியாது. பழைய பெட்டி இடைவெளியை அண்டை எண்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டு பாடியபடியே போனது. நண்பருடைய கருவியும் அவ்வாறே. டிவிடி பிளேயர் அதே வினாடியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றது. முன்கூட்டித் தேக்கி வைக்கும் வசதி இங்கே கைகொடுக்கவில்லை, மை மறைத்ததை எத்தனை தரம் படித்தாலும் மைதான். அதிர்ச்சியிலோ, தற்காலிகமாகத் தடம் தவறினாலோ அந்த வசதி உதவும். மேசையை முட்டியால் தட்டிப் பார்த்தேன், நண்பர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

கோடு போட்ட திசையையும் கவனிக்க வேண்டும். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இமைப்பொழுதுதான் குறுக்கே வரும். தடத்தோடு வட்டமாக ஓடும் கீறல் ஆயிரக்கணக்கான பிட்டுகளைத் தொடர்ந்து விழுங்கிவிடும். தகட்டை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் துடைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. மாடி அறையில் தாழ்வாக ஒரு பக்கத்தில், கடப்பைக் கல் பலகையின்மேல், மேலே நான்கு விரல் காற்றிடம் விட்டுப் பழைய பெட்டியை வைத்திருக்கிறேன். லேசருக்கு வெப்பம்தான் எமன். மெக்கானிக் அண்ணனிடம் வாங்கிய இன்னொரு பெல்ட்டும், சமிக்ஞை குறைவாக இருந்த அந்த லேசரும் டப்பாவில் இருக்கின்றன. பற்றவைக்கத் தெரியாதவர், அல்லது அதில் ஆர்வம் இல்லாதவர், டிரே வகையில் புதிதாக ஒன்றை வாங்குவதே நல்லது. வாங்கும்முன் அதன் லேசர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். பேருந்து நிலையத்தில் வாங்கிய எம்பி3 தகடுகள் நிறைய வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும், தனி டிரான்ஸ்போர்ட்களில் பல அவற்றைப் படிப்பதே இல்லை. ஜப்பானிலிருந்து பழைய பெட்டி வரவழைக்கிறவர்களுக்கு 100 வோல்ட் தேவை. ஆழ்குழாய் மோட்டாருக்குச் சுருள் சுற்றும் வைண்டிங் கடைகள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. 230க்கு 100 என்று சொன்னால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருவார்கள். அளந்து பார்த்த பிறகு செருகுங்கள்.

தீராத ஒன்று இருக்கிறது. எண்பதுகளில் அச்சான ஒரு ஜப்பானியத் தகடு இப்போது கீச்சென்று ஒலிக்கிறது, முன்பு பிளேயரின் சொந்த வெளியீட்டில் இப்படி இருந்ததில்லை. அந்தக் காலத்துச் சில தகடுகளில் உச்ச சுருதி ஒலிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிவு செய்து, ஓட்டும்போது இறக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு கொடியை, அதாவது அடையாளக் குறியை, உள்ளே வைத்திருப்பார்கள். பழைய பிளேயர் அந்தக் கொடியைப் பார்த்து இறக்கியது. டிரான்ஸ்போர்ட்டாக ஆன பிறகும் கொடியை ஒழுங்காக அனுப்புகிறது, பதிவுப் பெட்டியில் தெரிகிறது. என் புதிய டாக்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்தத் தகட்டை மட்டும் கணினியில் ஏற்றி, சாக்ஸ் என்கிற ஒலி நிரலில் உச்சத்தை இறக்கி, வேறு தகட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அலமாரியில் இன்னும் எத்தனை தகடுகளில் அந்தக் கொடி இருக்கிறது என்று அக்காள் மகன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.